ஆணி அடிக்காமலே அடுக்கலாம்!

ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஒருவர் தாளித்தால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய சமையலறை. சென்னையில் வாடகை ஃபிளாட் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்குள்ளேயே சீர் பாத்திரமும் இருக்கவேண்டும், கொலுப் பொம்மையும் இருக்கவேண்டும், பிள்ளைகளின் சைக்கிளும் இருக்கவேண்டும். போதாததற்கு, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்று ஹவுஸ் ஓனர் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவார். கடையில் 'ஆர்கனைசர்' என்ற பெயரில் விற்பதையெல்லாம் வாங்கி வந்தால், அதை எங்கே வைப்பது என்கிற கவலை புதிதாகச் சேரும். அதனால் இந்தக் குறிப்புகளில் முக்கால்வாசி, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருளை வைத்தே செய்யக்கூடியவை.

1. வீட்டை அடுக்கலாம் என்று தோன்றியதும் டப்பா வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரே ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து, அதிலிருந்ததைத் தரையில் பரப்பிப் பாருங்கள். பாதிச் சாமான் திரும்ப ஏறாது. டப்பா வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை என்பது அப்போதுதான் தெரியும்.

2. கட்டிலுக்கு அடியில் உள்ள உயரம், பரணின் ஆழம், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, வாசல் கதவின் அகலம் ஆகிய நான்கையும் இன்ச் டேப்பால் அளந்து போனில் குறித்து வையுங்கள். கடையில் நிற்கும்போது கண்ணளவு நிச்சயம் ஏமாற்றும். பீரோ வாங்குவதாக இருந்தால் மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்ட் கதவையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

3. தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே, கனமானது கீழே, வருஷத்துக்கு ஒருமுறை தொடுவது பரணில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே குனிந்து நிமிர்கிற வேலை பாதி குறையும். வீட்டில் யார் அதிகம் சமைக்கிறாரோ அவருடைய கண் மட்டம்தான் கணக்கு.

4. ஒட்டும் கொக்கி விழுகிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அதைச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ், கண்ணாடி, சன்மைக்கா, இரும்பு ஆகியவற்றில்தான் அது நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாமல் விடுங்கள். வீடு காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி, கொக்கிக்குப் பின்னால் ஒரு நூலை விட்டு இழுத்தால் தடம் தெரியாமல் வந்துவிடும்.

5. பீரோவின் பக்கவாட்டும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டும் வாடகை வீட்டுக்காரருக்குக் கிடைத்த இலவசச் சுவர். காந்தக் கொக்கிகளை அதில் ஒட்டிக் கத்தரிக்கோல், காலண்டர், கரண்டி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் மாட்டலாம். எல்லா ஃபிரிட்ஜிலும் காந்தம் பிடிக்காது. வாங்குவதற்கு முன் ஒரு ஸ்டிக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

6. பரணில் ஏற்றும் அண்டா, குண்டான், தவலை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போகிறதா என்று பார்த்து அடுக்குங்கள். கடைசியாக உள்ளே போகிற பாத்திரத்தின் வயிறும் காலியாக இருக்க வேண்டியதில்லை. விருந்தாளிகளுக்கான போர்வை, உபரித் தலையணை உறை ஆகியவற்றைப் பழைய வேட்டியில் சுற்றி அதில் வைத்து மூடிவிடுங்கள். எவர்சில்வருக்கு எலியும் பயம் இல்லை, பூச்சியும் பயம் இல்லை. வைப்பதற்கு முன் பாத்திரம் ஈரமில்லாமல் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

7. அம்மிக்கல், வெண்கல உருளி, பழைய கிரைண்டர் ஆகியவற்றைப் பரணில் ஏற்றாதீர்கள். ஏற்றுவது ஒரு பாடு என்றால், ஸ்டூல் மேல் நின்று இறக்குவது உயிருக்கே ஆபத்து. கனம் அதிகமாக இருந்து உபயோகமே இல்லை என்றால் பழைய பாத்திரத்துக்குப் போட்டு, வருகிற காசில் தினமும் கைக்கு ஆகும் ஒரு சாமானை வாங்குங்கள்.

8. பரண் பெட்டிகளில் 1, 2, 3 என்று பெரிதாக எண் எழுதுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஸ்வெட்டர் தேடி எல்லாப் பெட்டியையும் இறக்குகிற வேலை மிச்சம்.

9. பரணுக்குக் கதவு போட ஆயிரக்கணக்கில் செலவாகும். வீடு மாறும்போது அது ஓனருக்குத்தான். இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே தானாக இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பியை வாங்கி, பழைய வாயில் புடவையை மடித்துத் தைத்துத் தொங்கவிடுங்கள். தூசி மறையும், துவைக்கலாம், அடுத்த வீட்டுக்கும் எடுத்துப்போகலாம்.

10. சதுர அலமாரியில் வட்ட டப்பா வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு இடம் மூலைகளில் வீணாகிறது. புதிதாக வாங்குவதென்றால் சதுர டப்பாவாக, ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வட்ட டப்பாக்கள் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். நடுவே விழும் சந்தில் சீரகம், ஏலக்காய் மாதிரிச் சின்ன பாட்டில்கள் சரியாகப் பொருந்தும்.

11. உள்ளே இருப்பது தெரியாத டப்பாவுக்கு மூடியில் பெயர் எழுதிப் பயனில்லை. மூடி மாறினால் பெயரும் மாறிவிடும். டப்பாவின் உடம்பில் பேப்பர் டேப் ஒட்டி, பெயரோடு வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள்.

12. கல்யாணத்துக்கு வந்த இரண்டாவது அஞ்சறைப் பெட்டி சும்மா கிடக்கிறதா? ஊக்கு, பட்டன், ஹூக், ஊசி நூல், ரப்பர் பேண்ட், ஸ்டிக்கர் பொட்டு என்று ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள். ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கும் நேரத்தில் ஊக்கு தேட வேண்டியிருக்காது.

13. சின்ன வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை ஒரு ஆள் இடத்தைப் பிடிக்கும். 5 கிலோ, 10 கிலோவாக வாங்குங்கள். தெருமுனைக் கடையே நமக்கு ஸ்டோர் ரூம். ரேஷன் அரிசியும் சேர்ந்தால் அதைத் தனி டப்பாவில் போட்டு, வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ சின்னத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள், வண்டு அண்டாது.

14. தோசைக்கல், வாணலி, குக்கர் மூடி, தாம்பாளம் எல்லாவற்றையும் படுக்கவைத்து அடுக்கினால் எப்போதும் நமக்கு வேண்டியதுதான் அடியில் இருக்கும். தட்டு ஸ்டாண்ட் ஒன்றை ஷெல்ஃபுக்குள் வைத்து, எல்லாவற்றையும் நிற்க வையுங்கள். உருவி எடுக்கலாம், சத்தமும் இல்லை.

15. டேபிள்டாப் கிரைண்டரைச் சமையல் மேடையில் வைத்தால் காய் நறுக்க இடம் இருக்காது. நாலு சக்கரம் பொருத்திய பலகை ஒன்று தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். கிரைண்டரை அதில் உட்கார வைத்து மேடைக்கு அடியில் தள்ளிவிட்டு, அரைக்கும் அன்று மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். ஓடவிடும்போது பலகையை விட்டுத் தரையில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கிரைண்டர் ஹாலுக்கு வந்துவிடும்.

16. ஃபிரிட்ஜின் ஆழமான தட்டுகளில் பின்னால் போனது பின்னால் போனதுதான். ஸ்வீட் பாக்ஸ் அடிப்பாகம், நீளமான பிளாஸ்டிக் டிரே எது இருந்தாலும் அதில் சாமான்களை வைத்துத் தட்டில் செருகுங்கள். டிராயர் மாதிரி இழுத்தால் பின்வரிசையும் முன்னால் வந்துவிடும், அழுகிப்போன கொத்தமல்லிக் கட்டு மிஞ்சாது.

17. இட்லி மாவுக்கு அகலமான பாத்திரத்தை விட்டுவிட்டு உயரமான சதுர டப்பாவாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தேவையானது ஒன்றில், மீதி இன்னொன்றில். பொங்கி வழியாமலிருக்க மூன்று விரல் இடம் விடுங்கள்.

18. சிலிண்டர் விஷயத்தில் இடம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் கேஸோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே மேடைக்குக் கீழே கதவு போட்டு மறைத்திருந்தால் கதவின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரைச் சுற்றிப் பழைய பேப்பர், துணி, மண்ணெண்ணெய் பாட்டில் எதையும் செருக வேண்டாம்.

19. சிங்க் அடியில் குழாய் குறுக்கே போவதால் எதுவுமே நிற்காது. இங்கேயும் ஒரு ஸ்பிரிங் கம்பியைக் குறுக்காகப் பொருத்தி, ஸ்ப்ரே பாட்டில்களை அவற்றின் கைப்பிடியாலேயே தொங்கவிடலாம். கீழே இருக்கும் இடம் பக்கெட்டுக்கும் துடைப்பான் துணிக்கும் ஆகும். வெங்காயம், உருளைக்கிழங்கை மட்டும் இங்கே வைக்காதீர்கள், ஈரத்தில் முளைத்து அழுகிவிடும்.

20. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டுமே சீக்கிரம் கெடும். பழைய ஒயர் கூடைகள் இரண்டை ஒன்றின்கீழ் ஒன்றாக ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். காற்றும் படும், தரையும் மிச்சம்.

21. கோடையில் தண்ணீர் பிடித்து வைக்கும் குடங்கள் மழைக்காலத்தில் காலியாக நிற்கும். அவற்றைக் கவிழ்த்து அடுக்குங்கள். நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும், வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீர் இருக்கும் பக்கெட்டுக்கு மூடியில்லை என்றால் மெல்லிய வேட்டித் துணியைப் போட்டு எலாஸ்டிக்கால் இறுக்கிவிடுங்கள்.

22. கவருக்குள் கவர், அதற்குள் கவர் என்று எல்லார் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு மூட்டை தொங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை; இருந்தும் மூட்டை குறையவில்லை! அதற்கு ஒரே ஒரு டப்பா ஒதுக்குங்கள். டப்பா நிரம்பினால் அடுத்த கவர் உள்ளே வரக்கூடாது. அதேபோல ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் நல்லதாக ஐந்து போதும். மீதியை அயர்ன்காரருக்கோ பூக்கார அம்மாவுக்கோ கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

23. தாம்பூலப் பையில் வரும் சின்ன டப்பா, கிண்ணம், பர்ஸ் எல்லாவற்றையும் அலமாரி அலமாரியாகச் சிதறவிடாமல் ஒரே பெட்டியில் போடுங்கள். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க, திடீர் பிறந்தநாளுக்குத் தர உதவும். ஒவ்வொன்றிலும் யார் கொடுத்தது என்று துண்டுச் சீட்டு ஒட்டுவது ரொம்ப முக்கியம். கொடுத்தவருக்கே திரும்பப் போனால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

24. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர் தெருவில் கூப்பிட்டால் கொஞ்சம் யோசியுங்கள். பை நிறையத் துணி போகும், பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வரும். அதை வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும் துணியை அப்படியே யாருக்காவது கொடுத்துவிடுவது மேல்.

25. புடவையைப் பீரோவில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் மேலே இருக்கும் ஐந்தைத்தான் மாற்றி மாற்றிக் கட்டுவோம். தட்டின் உயரத்துக்கு ஒரு அட்டையை வெட்டி, அந்த அளவுக்கே எல்லா காட்டன் புடவையையும் மடித்து, புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். அதற்கான பிளவுஸையும் உள்பாவாடையையும் புடவை மடிப்புக்குள்ளேயே சொருகிவிட்டால் காலையில் ஒரே இழுப்பு.

26. பட்டுப்புடவைக்கு மட்டும் இந்த அட்டைக் கணக்கு வேண்டாம். பழைய மெல்லிய வேட்டியில் தளர்வாகச் சுற்றித் தட்டில் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் காற்றில்லாமல் புழுங்கும், ஹேங்கரில் தொங்கினால் சரிகை கனத்தில் துணி இழுபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே விட்டுவிடும். அந்துருண்டை புடவையில் நேராகப் படக்கூடாது, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்துருண்டையே வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் நாலு கிராம்பும் துணியில் முடிந்து வைத்தால் போதும்.

27. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பீரோவைத் திறந்தாலே ஒரு நமத்த வாசனை வரும். பிள்ளைகளின் ஸ்கூலில் தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளோ, கொஞ்சம் அடுப்புக்கரியோ ஓட்டையுள்ள டப்பாவில் போட்டு மூலையில் வையுங்கள், ஈரத்தை இழுக்கும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கதவை இரண்டு மணி நேரம் திறந்து போடுவதற்கு ஈடான மருந்து கிடையாது.

28. வெள்ளிக் குத்துவிளக்கு, சந்தனப்பேலா ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது நம் எல்லாருக்கும் பழக்கம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மெத்தென்ற பருத்தித் துணியில் சுற்றி, ஒரு சாக்பீஸோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் வைத்தால் பண்டிகைக்கு முந்தின நாள் தேய்க்கிற வேலை குறையும்.

29. சோபா குஷனுக்குப் பஞ்சு எதற்கு? உபரிப் போர்வை, சால்வை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் உருட்டிக் குஷன் உறைக்குள் அடைத்து ஜிப்பை மூடுங்கள். சென்னையில் அவற்றைப் பிரிக்கும் நாள் வருஷத்தில் கொஞ்சமே, ஊட்டிக்குக் கிளம்பும்போது எங்கே இருக்கிறது என்பதும் மறக்காது.

30. ஒரு படுக்கை விரிப்பு, அதற்கு ஜோடியான இரண்டு தலையணை உறை. விரிப்பையும் ஒரு உறையையும் மடித்து இன்னொரு உறைக்குள் போட்டுவிட்டால் ஒரு செட் ஒரே பொட்டலம். ஜோடி தேடி அலமாரியைக் குடைய வேண்டாம்.

31. காலிச் சூட்கேஸ் மாதிரி இடத்தைத் தின்னும் சாமான் வேறில்லை. சின்னது பெரியதுக்குள், அதற்குள் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் எடுக்கும் டாய்லெட் பை, பூட்டு, கழுத்துத் தலையணை. கடைசிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

32. கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் நாலு மரக்கட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் காலின் முனை உட்காரும் அளவுக்கு நடுவில் குழி வெட்டிய கட்டையாக இருக்க வேண்டும். பழைய டிரங்குப் பெட்டிக்குச் சக்கரம் போட்டால் அந்த உயரத்தில் அழகாகப் போய் வரும். பெருக்கும்போது ஒரு காலால் தள்ளிவிடலாம்.

33. அடியில் சாமான் வைக்கும் கட்டில் புதிதாக வாங்கப் போகிறீர்களா? டிராயர் வைத்தது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதை இழுக்கப் பக்கவாட்டில் இரண்டடியாவது காலி இடம் வேண்டும். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகும் அறையில் மேலே தூக்கித் திறக்கும் வகைதான் சரி. மெத்தையின் கனத்தோடு தூக்கிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

34. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழும் நாலு விரல் சந்தை வீணாக்காதீர்கள். கோரைப்பாய், மடக்கு நாற்காலி, அயர்ன் பண்ணும் பலகை, குடை எல்லாம் நிற்கும். பாயை வெயிலில் காயவைத்துச் சுருட்டி, வேட்டித் துணியில் உறை தைத்துப் போட்டால் பூஞ்சை பிடிக்காது.

35. பழைய ஜீன்ஸின் பின்பாக்கெட்டுகளை வெட்டி எடுத்து ஒரு கெட்டித் துணியில் வரிசையாகத் தைத்து, கதவின்மேல் மாட்டும் கொக்கியில் தொங்கவிடுங்கள். சீப்பு, சாக்ஸ், ஹேர் கிளிப், டார்ச், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரு வீடு ஆயிற்று. கீழ் வரிசையைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்தால் அவர்களே எடுத்து அவர்களே வைப்பார்கள், குறைந்தது முதல் வாரம்.

36. ஒருமுறை போட்டது, துவைக்கவும் போடாதது என்று ஒரு ஜாதித் துணி இருக்கிறதே, அதுதான் ஹால் நாற்காலியை விழுங்குவது. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கொக்கி என்று கணக்கு வையுங்கள். மூன்றாவது துணி வந்தால் முதல் துணி துவைக்கப் போகவேண்டும்.

37. மழைக்காலத்துக்கு மடக்கும் துணி ஸ்டாண்ட் நல்ல முதலீடு, மடித்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். கனமான துணியை வெளி ஓரத்திலும் மெல்லியதை நடுவிலும் போட்டு மின்விசிறிக்கு நேர் கீழே நிறுத்துங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டால் பாக்கெட் ஈரம் மிஞ்சாது.

38. செருப்பு அலமாரி வாசலுக்கு வெளியே போனால் பக்கத்து வீட்டோடு மனக்கசப்பு, அசோசியேஷனில் புகார். மாடிப்படி அவசரத்துக்கு ஓடும் வழி. அங்கே சாமான் வைக்கவே கூடாது. ஆறு ஏழு இன்ச் ஆழத்தில் சரிந்து திறக்கும் ஷூ ரேக் கதவோரச் சுவரில் சாய்ந்து நிற்கும். சாக்ஸை ஷூவுக்குள்ளேயே உருட்டி வைத்துவிட்டால் திங்கட்கிழமைக் காலையில் கத்த வேண்டாம்.

39. வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்று, டி.சி., ரேஷன் கார்டு ஆகியவை எல்லாம் ஒரே ஜிப் ஃபைலில், ஒரே இடத்தில் இருக்கட்டும். ஆதார், டிரைவிங் லைசன்ஸ், ஆர்.சி. ஆகியவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் பர்ஸும் மெலியும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இந்த ஃபைலை பீரோவின் கீழ் லாக்கரில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் முதலில் நனைந்தவை கீழ்த் தட்டுகள்தான். தண்ணீர் புகாத கவரில் போட்டுப் பரணின் முன்வரிசையில், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

40. டெலிவரியில் வரும் அட்டைப் பெட்டியை அன்றைக்கே தட்டையாக்கிப் பழைய பேப்பரோடு சேருங்கள். அப்படியே விட்டால் கரப்பான் குடிவந்துவிடும். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் டப்பாவும் வேண்டாம், பில்லும் வாரண்டி கார்டும் போதும். டி.வி. பெட்டிக்கு மட்டும் விலக்கு, வாடகை வீடு மாறும்போது அந்தத் தெர்மகோல் இல்லாமல் டி.வி.யை ஏற்றுவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம்.

41. பழைய டிஃபன் கேரியர் நல்ல மருந்துப் பெட்டி. காய்ச்சல் தலைவலி ஒரு அடுக்கு, வயிறு ஒரு அடுக்கு, காயத்துக்குக் கட்டுப்போடும் சாமான் ஒரு அடுக்கு. கைப்பிடியைப் பிடித்து அப்படியே ஆள் இருக்கும் இடத்துக்குத் தூக்கிப்போகலாம். பாத்ரூமிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் மருந்து வைக்க வேண்டாம், குழந்தை கையெட்டும் உயரமும் கூடாது.

42. சார்ஜர் வயர்களைத் தனித்தனியாகச் சுருட்டிப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போடுங்கள். எந்தப் போனுக்கு என்று பேப்பர் டேப்பில் எழுதி வயரிலேயே ஒட்டுங்கள். எதற்கு என்றே தெரியாத வயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கொடுத்துவிடலாம், எதுவும் நிற்காது.

43. பொம்மைகளில் பாதியை ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு அடுத்த மாதம் மாற்றி இறக்குங்கள். குழந்தைக்கு அது புதுப் பொம்மை, நமக்குக் கடைச் செலவு மிச்சம்.

44. கொலுப் பொம்மைக்குத்தான் சின்ன வீட்டில் அதிகச் சிந்தனை வேண்டும். வருஷத்தில் ஒன்பது பத்து நாள் இறங்கி வரும், மீதி நாளெல்லாம் இடம் கேட்கும். கழற்றி மாட்டும் இரும்புப் படி வாங்குவதானால் மற்ற மாதங்களில் புத்தக ஷெல்ஃபாக நிற்கக்கூடியதாக வாங்குங்கள். ஏழு படிதான் என்று இல்லை, மூன்று படியும் கொலுதான். பொம்மைகளை எடுத்து வைக்கும்போது செட் செட்டாகக் கட்டுங்கள். தசாவதாரம் பத்தும் ஒரே பெட்டி, கல்யாண செட் ஒரு பெட்டி, செட்டியாரும் மரப்பாச்சியும் ஒரு பெட்டி. மண் பொம்மை கனம், அது அடிப்பெட்டி. காகிதக்கூழ் பொம்மை லேசு, அது மேலே. கை, மூக்கு, கிரீடம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களுக்கு முதலில் கிழிந்த பனியன் துணியால் ஒரு சுற்று, பிறகு முழுப் பொம்மைக்கும் வேட்டித் துணி. மூடுவதற்கு முன் பெட்டியைப் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் அடுத்த புரட்டாசியில் பெட்டியைப் பிரிக்காமலே எது எங்கே என்று தெரியும். வருஷம் ஒரு பொம்மை புதிதாக வாங்குகிற வழக்கம் உள்ளவர்கள், உயரம் அரை அடிக்குள் பார்த்து வாங்குங்கள்.

45. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இன்னும் இருந்தால் டைனிங் டேபிள் வாங்காதீர்கள், ஹால் முழுதும் மிச்சம். முட்டிவலிக்காரர் இருந்தால் சுவரோரம் மடங்கும் மேஜை போதும். ஸ்டூல் வாங்கும்போது மூடி திறந்து உள்ளே சாமான் வைக்கும் வகையைப் பாருங்கள், செய்தித்தாளும் ஷூ பாலிஷும் அதற்குள் போய்விடும்.

46. பால்கனிக் கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்காதீர்கள், காற்றடித்தால் கீழே போகிறவர் தலைக்கு வரும். பழைய மர ஏணியை உள்பக்கச் சுவரில் சாய்த்து, படிக்கு ஒரு தொட்டியாகத் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் பால்கனியில் இருந்தால் அதன் தலையே துணி மடிக்கும் மேஜை.

47. ஒரு போகியிலிருந்து அடுத்த போகிக்குள் ஒருமுறைகூடத் தொடாத சாமானை வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள். எரிக்க வேண்டாம், அந்தப் புகையை மார்கழிப் பனியோடு சேர்த்துச் சுவாசிக்கப்போவது நாம்தான். பேப்பர் கடைக்கு ஒரு பை, கொடுப்பதற்கு ஒரு பை என்று டிசம்பர் கடைசியிலேயே கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டால் பண்டிகை நாளில் அலைச்சல் இல்லை.

48. எட்டடி ஏணி, டிரில்லிங் மெஷின், இருபது பேருக்கான இட்லி குண்டான், முறுக்குக்கு உரல் அச்சு, விருந்துக்கு மடக்கு நாற்காலி ஆகியவை ஒவ்வொரு ஃபிளாட்டிலும் ஒன்று இருக்க வேண்டியதில்லை. ஒரே மாடியில் இருக்கும் நாலு வீடும் பேசி வைத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். எது யார் வீட்டில் என்று குரூப்பில் ஒருமுறை எழுதிப் போட்டு, வாங்கிப் போனவர் பெயரையும் கீழேயே குறித்துவிட்டால் ஏணி தேடி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டாம்.